இளஞ் சிறுகிளிகளில் ஆண் பெண் அறிதலும் தேக நிலை அறிதலும்

சென்னை நகருக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய இடங்கள் முற்காலத்தில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த கிராமங்களாயிருந்தன. இப்பொழுது அங்கே வீடுகள் நெருங்கிவிட்டன. மாடு கட்டவும் கோழி வளர்க்கவும் இடமில்லாத குடும்பத்தார் பலர், பிள்ளைகளின் விருப்பத்தை முன்னிட்டு ஒரு கூண்டும் ஒரு ஜோடிக் கிளியும் வாங்கி வீட்டு முகப்பில் தொங்கவிடுகிறார்கள். இவ்வாறு வாங்குவோருக்கு நேரும் நஷ்டங்கள் முக்கியமாக இரண்டு. குஞ்சு வாங்கி வந்த ஒரு வாரத்திற்குள் இறந்துபோவது ஒன்று. ஜோடி என்று வாங்கியவை இரண்டும் பெட்டையாயிருந்து ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்துவது மற்றொன்று. இவ்விரண்டும் வாங்கும் வேளையில் கால் மணி நேரம் நிதானித்துப் பார்த்தால் பெரும்பாலும் தவிர்க்கக் கூடியவையே.

வாங்குவோர் அனைவரும் முதலில் கேட்கும் கேள்வி, “இது ஆணா, பெண்ணா?” என்பதாகும். அதைக் காட்டிலும் முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி, “இது தானே தின்கிறதா? நோயற்றிருக்கிறதா?” என்பதே. இளங்குஞ்சில் ஆண் பெண் என்பது ஓர் அனுமானம். தேக நிலையோ கண்ணால் காணக்கூடியது. இம்முறையை மனத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்கண்ட விஷயங்களைக் கவனித்தல் நலம்.

வளர்க்கத் தகுந்த கிளி எது?

நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது சட்டத்திற்கு விரோதமானது என்பதை அநேகர் இன்னும் அறியார். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இக்கிளிகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. 2022-ஆம் வருஷத்தில் திருத்தப்பட்டு, 1-4-2023 முதல் அமலுக்கு வந்துள்ள சட்டத்தில், கழுத்தில் வளையமுடைய சாதாரணப் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இக்கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்கும் அபராதத்திற்கும் உரிய குற்றங்களாகும். 2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகர் வீட்டிலிருந்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறையார் மீட்டுக் கிண்டிக்குக் கொண்டு சென்றார்கள். இரண்டரை லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. அறியாமல் செய்தோம் என்பது தப்பும் வழியன்று.

இச்சட்டத்திற்குத் தக்க காரணமுண்டு. பச்சைக்கிளி பனைமரப் பொந்துகளிலும் முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலும் முட்டையிடுகிறது. தை மாதம் முதல் பங்குனி வரையில் இறகு முளையாத குஞ்சுகளைப் பொந்திலிருந்து பறித்துவந்து விற்கிறார்கள். அவற்றுள் பல கைக்கு வருமுன்பே மடிகின்றன. மேலும் இக்கிளிகளில் ஆணின் கழுத்து வளையம் மூன்றாம் வயதை ஒட்டியே நன்கு தோன்றும். அதுவரை ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஒன்றே. ஆதலால் “இது ஆண் குஞ்சு, நன்றாய்ப் பேசும்” என்று கூறி மரப்பொந்துக் குஞ்சை விற்பவர் சொல்லுக்கு யாதோர் ஆதாரமும் இல்லை. பச்சைக்கிளியிடம் பிரியமுள்ளோர் மாடியில் சிறிது அரிசியும் தண்ணீரும் வைத்தால் அவை தாமே வரும். சென்னை இராயப்பேட்டையில் ஒளிப்படக் கருவி பழுது பார்க்கும் ஒருவர் இவ்வாறு செய்து, ஆயிரக்கணக்கான கிளிகள் நாள்தோறும் தம் மாடிக்கு வரக் கண்டார்.

ஆகவே வீட்டில் வளர்க்கத் தகுந்தது, கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் சிறுகிளியேயாம். இதன் சரியான பெயர் பட்ஜெரிகர் என்பது. லவ் பேர்ட் என்னும் பெயருக்கு உரியது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளியாயினும், சென்னையில் இப்பெயர் பட்ஜெரிகருக்கே வழங்கிவிட்டது. இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்தது. ஜான் கூல்ட் என்னும் பறவை நூலார் 1840-ஆம் வருஷத்தில் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் கூண்டிலேயே பல தலைமுறை பெருகி, உலகெங்கும் பரவிற்று. சர்வதேச வாணிப உடன்படிக்கையின் அட்டவணைகளில் இது இடம்பெறாமையால், வேறு பல அன்னியக் கிளிகளுக்கு வேண்டிய பதிவு இதற்கு வேண்டுவதில்லை. இனி இக்கட்டுரையில் சிறுகிளி என்பது இதனையே குறிக்கும்.

வயதை அறியும் முறை

ஆண் பெண் பார்ப்பதற்கு முன் வயதை அறிதல் அவசியம். ஒரே நிறம் ஒரு வயதில் ஒன்றையும் மற்றொரு வயதில் வேறொன்றையும் குறிக்கும்.

சிறுகிளி நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். சுமார் 18 நாட்களில் முட்டை பொரியும். ஏறக்குறைய 30 முதல் 35 நாட்களில் குஞ்சு கூட்டுக் கலயத்தை விட்டு வெளியே வரும். இளங்குஞ்சின் நெற்றியில் கறுப்பு வரிகள் அலகின் அடிவரை நெருங்கி இறங்கியிருக்கும். கண் முழுவதும் கறுப்பாயிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்தபின், நெற்றி வரிகள் மறைந்து, நெற்றி வெளுப்பாகவோ மஞ்சளாகவோ தெளியும். பின்னர்க் கண்மணியைச் சுற்றி மெல்லிய வெண் வளையம் தோன்றும். வரிகள் அலகு வரை இருந்து, கண் கறுத்திருந்தால் அது நான்கு மாதத்திற்கு உட்பட்டது எனக் கொள்ளலாம். முழுதும் மஞ்சளாகவும் முழுதும் வெள்ளையாகவும் உள்ள வகைகளில் வரிகள் தெரியாவாதலால் இக்குறி அவற்றுக்குப் பயன்படாது.

வாங்குவதற்கு ஏற்ற வயது ஏழு அல்லது எட்டு வாரமாகும். நான்கைந்து வாரக் குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்து விற்பதே முதல் வாரத்துச் சாவுக்குப் பெருங்காரணம். அவ்வயதுக் குஞ்சு தினைக் கிண்ணத்தில் அமர்ந்து அலகை ஆட்டும். ஆனால் மணியை உரித்து விழுங்க அறியாது. பார்ப்பவர் அது தின்கிறது என்று நம்புவர். உண்மையில் அது பட்டினி கிடக்கும். ஆதலால் வாங்குமுன் குஞ்சு ஒரு மணியை எடுத்து, உமியை நீக்கி விழுங்குவதைக் கண்ணாரக் காண வேண்டும்.

ஆண் பெண் அறியும் முறை

அலகின் மேலே, இரு மூக்குத் துவாரங்களையும் சுற்றி, இறகில்லாத ஒரு சதைத் திட்டு உண்டு. இம்மூக்குத் திட்டே சிறுகிளியில் ஆண் பெண் காட்டும் உறுப்பாகும். தலையின் நிறமோ, உடல் நிறமோ, பருமனோ இதைக் காட்டா.

நெற்றி வரி மறையாத இளங்குஞ்சில், ஆணின் மூக்குத் திட்டு முழுவதும் ஒரே சீராக ரோஜா நிறம் கலந்த ஊதாவாயிருக்கும். துவாரத்தின் விளிம்பும் அதே நிறமாயிருக்கும். பெட்டையின் திட்டு வெளுத்தோ வெளிறிய நீலமாகவோ இருந்து, துவாரங்களைச் சுற்றி வெண்மையான வளையம் காணப்படும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிறிய நீலத்தைக் கண்டு, ‘நீலம் ஆண்’ என்று கேள்விப்பட்டதை நினைத்துப் பெட்டைக் குஞ்சை ஆண் என வாங்கிவிடுகிறார்கள். நீலம் ஆணைக் குறிப்பது வளர்ந்த கிளியில்தான். குஞ்சில் கவனிக்க வேண்டியது நிறத்தை விட அதன் சீரும், துவார விளிம்பில் வெண்மை உண்டா இல்லையா என்பதும் ஆகும்.

முதல் இறகு உதிர்ந்தபின் ஆணின் திட்டு படிப்படியாக நல்ல நீலமாக மாறும். பெட்டையின் திட்டு முதலில் வெளுப்பாயிருந்து, பருவமடைந்தபின் பழுப்பாகித் தடித்துச் சொரசொரப்பாகும். ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்திற்குள் ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

விதிவிலக்குகளும் உண்டு. செங்கண்ணுடைய மஞ்சள், செங்கண்ணுடைய வெள்ளை ஆகிய வகைகளிலும், சில புள்ளி வகைகளிலும் ஆணின் திட்டு வளர்ந்த பிறகும் நீலமாகாமல் ஊதா கலந்த சதை நிறமாகவே நிற்கும். பெட்டையில் மட்டும் பழுப்பு நிறம் வழக்கம்போல் தோன்றும். இவ்வகைகளில் பழுப்பு வரக் காத்திருப்பதே தக்கது.

வளர்ப்போர் தம் வீட்டிலேயே குஞ்சு பொரிக்கச் செய்தால் மற்றொரு வழியுண்டு. பறவைகளில் பெட்டைக் குஞ்சு இப்படிப்பட்ட நிறங்களைத் தந்தையிடமிருந்தே பெறுகிறது. எனவே தந்தை செங்கண் மஞ்சளாகவும் தாய் சாதாரணப் பச்சையாகவும் இருந்தால், பொரிக்கும் மஞ்சள் குஞ்சுகள் யாவும் பெட்டைகள். பச்சைக் குஞ்சுகள் யாவும் ஆண்கள். கோழிப் பண்ணைகளில் ஒரு நாள் குஞ்சின் நிறத்தால் சேவலையும் பெட்டையையும் பிரிப்பதும் இத்தத்துவம் பற்றியே.

ஆண் அதிகமாய்ச் சிலம்பும், தலையை மேலும் கீழும் ஆட்டும்; பெட்டை கடுமையாய்க் கடிக்கும், மரத்தைக் கொறிக்கும் என்பர். பொதுவாக இது மெய்யேயாயினும் குஞ்சில் இதைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது. இடுப்பெலும்பின் இடைவெளியைத் தடவிப் பார்த்துச் சொல்வதும் இளங்கிளியில் நம்பத்தக்கதன்று. உறுதியாக அறிய விரும்புவோர், சில இறகுகளைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்வித்துக்கொள்ளலாம்.

இத்தனை கவனம் எதற்கெனில், இரண்டு பெட்டைகளை ஒரு கூண்டில் வைத்துக் கலயமும் கட்டிவிட்டால் அவை கலயத்திற்காகப் போரிட்டு ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடவும் கூடும். ஆணும் பெட்டையுமாக அமைந்தாலும், ஒரு வயது நிறையுமுன் கலயம் கட்டுதல் தகாது. இளம் பெட்டைக்கு முட்டை வெளிவராமல் அடைபட்டு உயிர் போகும். எனவே குஞ்சில் ஆண் பெண் தவறாகக் கணித்திருந்தாலும், கலயம் வைக்காதவரையில் பெருந்தீங்கில்லை. திருத்திக்கொள்ள ஒரு வருஷ அவகாசமுண்டு. தேக நிலையில் தவறினால் அவ்வவகாசம் இல்லை.

தேக நிலை அறியும் முறை

காட்டில் நோயுற்ற பறவை பருந்துக்கு இரையாகும். ஆதலால் நோயை மறைத்தல் பறவைகளின் இயல்பு. மனிதர் அருகில் சென்றதும் நோயுற்ற கிளியும் இறகை ஒடுக்கி நிமிர்ந்து நிற்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ கொளத்தூர்க் கடைகளிலோ வாங்குவோர், கூண்டை நெருங்குமுன் நாலைந்து அடி தூரத்தில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும். அப்பொழுது கவனிக்கத்தக்கவை பின்வருமாறு:

1. மற்றவை ஓடியாடும்போது ஒன்று மட்டும் இறகை உப்பிக்கொண்டு, கண் மூடி, இரு காலையும் ஊன்றித் தூங்கினால் அதை விலக்குக. நலமுள்ள கிளி பெரும்பாலும் ஒரு காலை மடக்கியே தூங்கும்.

2. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் அசைந்தாலும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலும், மூச்சில் சொடுக்குச் சத்தம் கேட்டாலும் அது மார்பு நோய்க்கோ கழுத்துச் சுரப்பி வீக்கத்திற்கோ அறிகுறி.

3. கூண்டின் அடியில் எச்சத்தைப் பார்க்கவும். நல்ல எச்சம் கரும்பச்சை நிறச் சுருளும் நடுவில் வெண்மையுமாகச் சிறிது கெட்டியாயிருக்கும். நீராகவோ, வெளிர் பச்சையாகவோ, உரித்தும் செரியாத மணி கலந்தோ இருந்தால் அக்கூண்டிலுள்ள எதையும் வாங்கலாகாது. நோய் ஒன்றோடு நில்லாது.

பிறகு கையில் வாங்கிப் பார்க்கவேண்டும். பறவைக்கு மார்பும் வயிறும் அசைந்தாலன்றி மூச்சு ஓடாது. ஆதலால் தலையின் இருபுறமும் மெல்ல விரல் வைத்து, முதுகைக் கையில் சாய்த்து, மார்பை அழுத்தாமல் பிடித்தல் வேண்டும். மூக்குத் துவாரம் சுத்தமாகவும் வறண்டும், கண் தெளிவாகவும், ஆசனத் துவாரத்தைச் சுற்றிய இறகு எச்சம் ஒட்டாமலும் இருக்கவேண்டும். மார்பின் நடுவெலும்பைச் சுண்டுவிரலால் தடவினால் இருபுறமும் சதை நிரம்பியிருக்க வேண்டும். அவ்வெலும்பு கத்தி முனைபோல் நீட்டிக்கொண்டிருந்தால், பார்வைக்கு இறகு எவ்வளவு அழகாயிருந்தாலும் அக்குஞ்சு மெலிந்தது. தீனிப்பையில் மணி தென்படுகிறதா என்றும் பார்க்கலாம்.

காலில் இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னுமாகப் பற்றவேண்டும். கால் இருபுறமும் பரந்து விழுந்தால் அது சிறுபிராயத்தில் நேர்ந்த ஊனம். அலகும் மூக்கோரமும் தேன்கூடு போலத் துளைத்துச் சுண்ணாம்பு பூசினாற்போல் தடித்திருந்தால், கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சொறிப்பூச்சியின் வேலையாகும். இது வைத்தியத்தால் தீரும். இறக்கையின் நீண்ட இறகுகள் உதிர்ந்து தரையில் ஓடும் குஞ்சுகளை வாங்காதிருப்பதே நலம். வளர்ந்த ஆணின் நீலத் திட்டு பிற்காலத்தில் பழுப்பாக மாறினால், அது பெட்டையாக மாறிவிட்டது என்று எண்ணி வியப்பவர் உண்டு. அது பெரும்பாலும் விரையில் கட்டி தோன்றியதற்கு அடையாளம். வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

ஏற்கெனவே வீட்டில் பறவைகள் இருந்தால் புதிய குஞ்சை 30 நாட்கள் தனி அறையில் வைத்தல் வேண்டும். கோழிகளை மடிவிக்கும் வெள்ளைக்கழிச்சல் கிளியையும் தாக்கக் கூடுமாதலால், கோழிக்கூட்டை ஒட்டிக் கூண்டு வைக்கலாகாது.

தினை இதற்கு முக்கிய ஆகாரம். அதனுடன் சாமை, கம்பு, கொத்தமல்லித் தழை, முருங்கைக் கீரை ஆகியவற்றையும் கொடுத்தல் நலம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையைக் கூண்டில் கட்டிவிட்டால் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த தானியம் விஷமாகும். கிண்ணத்தில் உமி மேலே மிதந்து நிறைந்திருப்பதைக் கண்டு தீனி இருக்கிறது என்று எண்ணி ஏமாந்து, கிளியைப் பட்டினியால் இழந்தோர் பலர். காலையிலும் மாலையிலும் உமியை ஊதிவிட்டுப் பார்ப்பதை வீட்டிலுள்ள ஒருவர் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சித்திரை, வைகாசியில் இப்பகுதியில் வெப்பம் 40 டிகிரி செண்டிகிரேடைத் தாண்டுவது உண்டு. தகரக் கூரையின் கீழும், வெயில் நேரே விழும் மாடியிலும் கூண்டு வைத்தல் கூடாது. இறக்கையை உடலினின்று விலக்கி மூச்சிரைத்தால் உடனே நிழலுக்கு மாற்றித் தண்ணீர் வைக்கவும். கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை, வர்ண வாடை ஆகியவை கிளியின் மார்பைக் கெடுக்கும். ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, மனிதர் உணருமுன்பே கிளியைக் கொன்றுவிடும். ஆதலால் சமையலறையில் கூண்டு வேண்டா.

நோய் கண்டால்

சிறுகிளியின் எடை 30 முதல் 40 கிராம் வரைதான். அதன் உடலிலுள்ள இரத்தம் முழுவதும் சுமார் மூன்று மில்லி லிட்டரே. ஒரு நாள் உண்ணாதிருந்தாலும், சில துளி இரத்தம் போனாலும் ஆபத்து. நாளை பார்ப்போம் என்று தள்ளிவைக்க இடமில்லை. சிறு தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்தால், இறகுக்குள் மறைந்த மெலிவு முன்னதாகவே தெரியவரும். நோயுற்றதைத் தனிக் கூண்டில் வைத்து, ஒருபுறம் மட்டும் மின் விளக்கால் இளஞ்சூடு கொடுத்து, வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மனிதருக்குரிய மாத்திரைகளைக் கரைத்து ஊற்றுதல் கொல்வதற்குச் சமானம்.

1903-ஆம் வருஷத்தில் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல் வந்து சிறிது தூரத்திலும், பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியாகவும் அங்கே செல்லலாம். போகும்பொழுது கூண்டடியில் விரித்த காகிதத்தை எச்சத்துடனேயே கொண்டுபோவது வைத்தியருக்கு உதவியாகும்.

கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்றுண்டு. உலர்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பதால் இது வரும். 1929, 1930-ஆம் வருஷங்களில் அயல்நாடுகளில் கிளி வியாபாரத்தின் வழியே இது பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. இக்காலத்தில் தக்க மருந்துண்டு. எனினும் கூண்டைச் சுத்தம் செய்யுமுன் காகிதத்தை நனைத்தும், மூக்கு வாயை மூடிக்கொண்டும், பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவியும் வருதல் வேண்டும். வீட்டில் கிளி உள்ளவர் எவருக்கேனும் காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் கண்டால், கிளி வளர்ப்பதை டாக்டரிடம் மறவாமல் சொல்லவேண்டும். சொல்லாவிடில் அவர் வேறு நோய் என்று கருத ஏதுவாகும்.

முடிவாக

வாங்குவோர், நாட்டுப் பச்சைக்கிளியை ஒதுக்கிவிட்டு, ஏழெட்டு வாரச் சிறுகிளியைத் தேர்ந்து, தூரத்தில் நின்று அதன் நடையையும் எச்சத்தையும் பார்த்து, கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவி, அது மணி உரித்துத் தின்பதைக் கண்டபின், கடைசியாக மூக்குத் திட்டைப் பார்ப்பாராக. சீரான ஊதா ஆணென்றும், துவாரத்தைச் சுற்றிய வெண்மை பெட்டையென்றும் ஒருவாறு கொண்டு, ஒரு வருஷம் வரையில் கலயம் கட்டாதிருப்பாராயின், பணமும் வீணாகாது. பிள்ளைகள் கண் கலங்கவும் நேராது.